சுற்றாமல் விட்ட படம்

பாரிஸின் லா சப்பலில் வளர்ந்த நம் வயதுக்காரர்களுக்கு அந்தக் கடைச் சுவர் நினைவிருக்கும். வாடகைக்கு அறை, பிரெஞ்சு வகுப்பு, கோயில் திருவிழா என்று துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். அவற்றுக்கு நடுவில் வருடக்கணக்காக ஒரு படம் இருந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட இளைஞர், முழு உருவம், இரண்டு கைகளும் தொங்கவிட்டபடி. மேலே பெரிய எழுத்தில் 'காணவில்லை'. அவரைக் கண்டேன் என்று சொன்னவர்களில் உங்களில் ஒருவரின் அப்பாவோ மாமாவோ இருந்திருக்கலாம்.

அப்படி ஒரு ஆள் உலகத்தில் இருந்ததில்லை. இதைப் படம் ஒட்டிய அன்றே அறிந்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் சின்னம்மா. மற்றது நான். எனக்குப் பத்து வயது.

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில், நாலாம் மாடியில், இரண்டு அறை வீடு எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் விடியமுன்னே வேலைக்குப் போய்விடுவார்கள். சின்னம்மா வீட்டிலிருந்தே தைத்தார். பட்டறையிலிருந்து வெட்டிய துணிகள் கட்டுக்கட்டாக வரும், கோட்டுகளாகத் திரும்பிப் போகும். முன்னறையில் அவருடைய தையல் மெசினும், ஒரு மெத்தையும் இருந்தன. அந்த ஒரு மெத்தை எங்களோடு வாடகைக்கு இருந்த இரண்டு அண்ணைமாருக்கு. ஒருவர் சென் தெனியில் இரவில் அலுவலகங்கள் துப்புரவு செய்தார். மற்றவர் ஸ்டாலின்கிராட் பக்கம் ஒரு உணவகத்தில் பகல் முழுக்கக் கோப்பை கழுவினார். காலை ஏழேகாலுக்கு ஒருவர் உள்ளே வருவார், ஏழரைக்கு மற்றவர் வெளியே போவார். சந்திப்பு அந்தக் கால் மணித்தியாலம்தான், அதிலும் பாதி குளியலறைக் கதவு ஊடாக. நான் அவர்களை இரவு அண்ணை, பகல் அண்ணை என்று கூப்பிட்டேன். இருவரும் ஒரே உயரம். அவசரத்துக்கு ஒருவரின் காற்சட்டையை மற்றவர் போட்டுக்கொண்டு போனதும் உண்டு.

கமராவைச் சின்னம்மா சென் துவான் பழைய சாமான் சந்தையில் வாங்கினார். மரப்பெட்டி, பாண் ஒன்று வைக்கக்கூடிய அளவு. கொக்கியைத் தட்டினால் முன்பலகை விழும். அதில் பித்தளைத் தண்டவாளம் இரண்டு. வில்லையைப் பிடித்து இழுத்தால் கறுப்புத் துருத்தி மடிப்பு மடிப்பாக விரியும். பின்னால் ஒரு மங்கல் கண்ணாடி. போர்வைக்குள் தலையை விட்டு முதல்முறை பார்த்தபோது மேசையும் மெசினும் எதிர்வீட்டுப் புகைக்கூண்டுகளும் தலைகீழாகத் தொங்கின. சின்னம்மா தலைகீழாக நின்று கையாட்டினார். போர்வைக்குள் தூசியும் பழைய பசையும் மணத்தன.

அந்தக் கமரா கேட்ட கண்ணாடித் தகடுகள் அப்போதே கடைகளில் இல்லை. அதே சந்தையில் உடைந்த மடிப்புக் கமரா ஒன்றை வாங்கி, அதன் பின்பாதியை அறுத்து எடுத்து, இதன் முதுகில் பொருந்துகிற மாதிரி ஒரு மரச்சட்டம் செய்தார். இடைவெளியில் கோட்டுக் கொலருக்குள் வைக்கும் கம்பளித் துண்டை ஒட்டினார். சுருள் பிலிம் போட இடம் வந்துவிட்டது. துருத்திக்குள் மின்விளக்கை விட்டு அறையை இருட்டாக்கியபோது மடிப்பு மூலைகளில் ஊசி ஊசியாக வெளிச்சம் கசிந்தது. அதையும் பிரித்தெறிந்துவிட்டு, கோட்டு உள்துணியை இரட்டையாக ஒட்டிப் புதிதாக மடித்துத் தைத்தார். மூன்று வாரம் எடுத்தது. பட்டறைக்காரர் கோட்டுகள் பிந்துகின்றன என்று இரண்டு தடவை வந்து சத்தம் போட்டார்.

இந்த மாற்றத்தில் இரண்டு குறைகள் இருந்தன. சொல்லப்போகிறது முழுக்க அவற்றால் வந்ததுதான்.

ஒன்று, பிலிம் பெட்டியைப் பூட்டிய பிறகு மங்கல் கண்ணாடி வழியே பார்க்க முடியாது. பெட்டியைக் கழற்றினால் பிலிமில் வெளிச்சம் விழும். ஆகவே சுருளைப் போடமுன் ஒருமுறை மட்டும் தெளிவு பார்க்கலாம். பிறகு எட்டுப் படமும் அதே தூரத்தில், அதே இடத்தில். சின்னம்மா தையல் சோக்கால் தரையில் இரண்டு பாதங்கள் வரைந்தார். தையல் பொம்மையின் இரும்புக் காலை அதற்குப் பின்னால் நிறுத்தினார். பிடரியை அதில் சாய்த்தால் தலை அசையாது. வில்லையின் மூடியைக் கழற்றி நாலு எண்ணும்வரை எவரும் அசையக்கூடாது.

மற்றது, ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் ஒரு திருகைச் சுற்ற வேண்டும். பின்னாலிருந்த சிறிய சிவப்புத் துளையில் அடுத்த எண் வரும். சுற்றாவிட்டால் தடுத்து நிறுத்த அதில் எதுவும் இல்லை. ஒரே பிலிமில் இன்னொரு படமும் விழும். சுற்றுவது என் வேலை.

படம் எதற்கு என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். மெத்ரோவில் தானியங்கிப் படப்பெட்டி இருந்ததுதானே என்பார்கள். இருந்தது. ஆனால் அதில் முகம் மட்டும்தான் விழும். ஊரிலிருந்த தாய்மார் அதை நம்பவில்லை. இரவு அண்ணையின் அம்மா பருத்தித்துறைப் பக்கமிருந்து எழுதியதை அவர் எங்களுக்கு வாசித்துக் காட்டினார்: "தலையை மட்டும் அனுப்பாதை மகனே. கால் ரெண்டும் கை ரெண்டும் தெரியிற மாதிரி ஒரு படம் அனுப்பு." வாசித்துவிட்டுச் சிரித்தார். சின்னம்மா சிரிக்கவில்லை. தவறாகத் தைத்து மிஞ்சிய கோட்டு ஒன்றை எடுத்து, "போட்டுப் பாரும்" என்றார்.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வெளிச்சம் நல்லது. இரவு அண்ணை வேலையால் வந்து முகம் கழுவிவிட்டுச் சோக்குப் பாதங்களில் ஏறி நின்றார்.

"அசையக்கூடாது. மூச்சும் விடாதையும்," என்றார் சின்னம்மா.

"மூச்சு விடுறதுக்குத்தானே அக்கா இவ்வளவு தூரம் வந்தனான்."

"கதைக்காமல் நில்லும். கொம்மா கால் கேட்டவ, பல்லு இல்லை."

நாலு எண்ணி மூடியைப் போட்டார். பகல் அண்ணை கதவடியில் சப்பாத்தோடு நின்றுகொண்டிருந்தார். அவர் பேசுவது குறைவு. மணிக்கூட்டை மட்டும் பார்த்தார். "நேரம் போகுது, கோட்டைக் கழட்டிக் குடும்," என்று சின்னம்மா சொன்னார். இரவு அண்ணையின் சட்டைப் பொத்தான் கோட்டுக் கைக்குள் சிக்கிவிட்டது. அவர் ஒரு கையோடு சுழன்றார். நான் திருகடியிலிருந்து ஓடிப்போய் இழுத்துவிட்டேன். சூடு ஆறாத கோட்டைப் பகல் அண்ணை போட்டார், அதே பாதங்களில் நின்றார், அதே இரும்பில் தலையைச் சாய்த்தார். நான் திரும்பி வந்தபோது சின்னம்மாவின் கை மூடியில் இருந்தது.

"சுத்தினனியோ?"

"ஓம்," என்றேன்.

பொய் சொல்ல நினைத்துச் சொன்னதல்ல. கேட்டார், சொன்னேன். அவர் நாலு எண்ணினார். மூன்று என்றபோது நான் சுற்றவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

மதியத்துக்குள் மேல்மாடி, கீழ்மாடி அண்ணைமார் ஆறு பேர் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். எட்டுப் பேர். சுருளில் எட்டுப் படம். கடைசி ஆள் போன பிறகும் சிவப்புத் துளையில் 8 என்ற எண் தொடப்படாமல் இருந்தது.

"ஒண்டு கூடத் தந்திருக்கிறாங்கள்," என்று சின்னம்மா சந்தோசப்பட்டார். "ஓடிவந்து நில் பிள்ளை."

அந்த எட்டாவது படம் நான். என் சிறுவயதில் எடுத்த முழுப்படம் அது ஒன்றுதான். பார்த்தவர்கள், ஏன் இப்படி முழிக்கிறாய் என்று கேட்பார்கள்.

வியாழக்கிழமை படம் கழுவும் கடையிலிருந்து படங்கள் வந்தன. ஒவ்வொன்றும் சீட்டுக்கட்டுச் சீட்டளவு. சின்னம்மா மேசையில் பரப்பி, ஆட்களை விரலில் எண்ணி, திரும்பவும் எண்ணினார். ஒரு படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். என்னைக் கேட்பார் என்று கதவடியில் நின்றேன். கேட்கவில்லை. மறுநாள் கடைக்குப் போய் அதே படத்தில் இன்னொரு பிரதி எடுத்துவந்தார்.

காலையில் இரவு அண்ணையிடம் ஒன்று. "நல்லா வந்திருக்கு. கொஞ்சம் வடிவாயும் வந்திட்டன்," என்றார். இரவில் பகல் அண்ணையிடம் மற்றது. விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்து, "வெள்ளையா வந்திட்டன் போலை. பரவாயில்லை," என்றார். இருவரும் தங்கள் படத்தைத் தங்கள் தாய்மாருக்கு அனுப்பினார்கள். ஒருவர் மற்றவரின் படத்தைக் கேட்டுப் பார்க்கவில்லை. ஒருவருக்குத் தலைவகிடு இடப்பக்கம், மற்றவருக்கு வலப்பக்கம். படத்தில் இரண்டும் சேர்ந்து, பின்னுக்கு வாரி இழுத்த தலைமயிர் மாதிரி விழுந்திருந்தது. ஒருவரின் கண்ணுக்குள் மற்றவரின் கண். அளவெடுத்து வைத்த மாதிரி.

வைகாசியில் இரவு அண்ணைக்கு 'ரெஜெ' வந்தது. அகதி மனு நிராகரிக்கப்பட்டுவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை சிறிய தோள்பையோடு கலே துறைமுகத்துக்குப் புறப்பட்டார். லொறியில் ஏறி லண்டன் போய் வெள்ளிக்கிழமை ரெலிபோன் எடுப்பதாகச் சொன்னார். வெள்ளி எடுக்கவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. பகலில் மெத்தை வெறுமையாகக் கிடந்தது. அதன்மேல் சின்னம்மா துணிக்கட்டுகளை வைக்கவில்லை. இடம் இல்லாமல் மேசைக்குக் கீழே அடுக்கினார்.

ஆனி மாதம் இரவு அண்ணையின் அக்கா ஹொலன்டிலிருந்து ரெலிபோன் எடுத்தார். படம் ஒன்று ஒட்டுங்கோ என்று கேட்டார். அவரிடமிருந்தது தம்பி பள்ளிக்கூடம் போன காலத்துப் படம். தானியங்கிப் படங்கள் எல்லாம் அலுவலகக் கோப்புகளுக்குள் போய்விட்டன. சின்னம்மா நெகற்றிவ்வைக் கொண்டுபோய் ஒரு சாண் அளவுக்குப் பெருப்பித்து ஐந்து பிரதி எடுத்தார்.

"இதிலை அவர் சரியாத் தெரியேல்லையே," என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது.

"இருக்கிறது இதுதான் அக்கா," என்றார் சின்னம்மா.

ஒன்றுமே இல்லாததைவிடப் பாதி முகம் நல்லது என்று நினைத்திருப்பார். அந்தப் பாதியோடு ஒட்டியிருந்த மற்றப் பாதி என்ன செய்யும் என்று அவர் நினைக்கவில்லை.

படம் ஒட்டிய நாலாம் நாளே செய்தி வந்தது. கண்டிருக்கிறார்கள். மெத்ரோப் படியில், மாலையில். பிறகு ஸ்டாலின்கிராட் வாய்க்கால் கரையில். பிறகு மீன்கடையில். ஒரு மன்னார் அன்ரி பூசைக்குப் போகும்போது கண்டு, கூப்பிட்டும் அவர் திரும்பாமல் போனாராம். ஏதோ பயத்தில் ஒளிக்கிறார் என்று ஆட்கள் முடிவெடுத்தார்கள். எனக்குப் பள்ளி விடுமுறை. கோடு போட்ட கொப்பியில் திகதி, நேரம், இடம், சொன்னவர் என்று நாலு நிரல் கீறி எழுதினேன். குறிப்பெழுதும் பழக்கம் எனக்கு அங்கேதான் தொடங்கியது. பதினொரு பதிவு சேர்ந்த அன்று வரிசையாக வாசித்துப் பார்த்தேன். பதினொன்றும் பகல் அண்ணை வேலைக்குப் போய்வரும் வழி.

கொப்பியை மெசினுக்குப் பின்னால் ஒளித்தேன்.

பகல் அண்ணையை மறித்தார்கள். கடைக்காரர் பகிடியாகத் தொடங்கினார்: "உம்மைக் காணேல்லை எண்டு சுவரிலை ஒட்டிக் கிடக்கு, நீர் இஞ்சை நிண்டு முருங்கைக்காய் முறிச்சுப் பாக்கிறீர்." பிறகு பகிடி இல்லை. தெரியாத கிழவர் ஒருவர் கையைப் பிடித்து, "தம்பி, கொம்மா தேடுறா, ஒரு சொல்லுச் சொல்லிவிடு," என்று அழுதாராம். ஆடி முடிவில் பகல் அண்ணை சின்னம்மாவிடம், "அக்கா, நான் தூலூஸிலை வேலை கேட்டிருக்கிறன். இஞ்சை எனக்கு நடக்கேலாமல் கிடக்கு," என்றார். சின்னம்மா மெசினை நிறுத்தவில்லை.

ஆவணியில் இரவு அண்ணையின் அக்கா கார் து நோரில் வந்து இறங்கினார். தம்பியைத் தன் கையால் பிடித்துக்கொண்டு போக வந்தவர். தங்கியது சொந்தக்காரர் வீடு ஒன்றில். பிரெஞ்சு தெரியாது, ஆகவே நான் கூடப் போனேன். மூன்று நாள் லா சப்பல் மெத்ரோவின் இரும்புப் பாலத்துக்குக் கீழே, படியடியில், படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். தலைக்கு மேலே ரயில் போகும்போது பேச்சு நின்றுவிடும். அவர் எனக்குச் சோளம் வாங்கித் தந்தார். நான் அதைக் கடதாசியோடு கையிலேயே வைத்திருந்தேன்.

முதல் இரண்டு நாளும் வேலையால் பிந்தி வந்த பகல் அண்ணை மூன்றாம் நாள் மாலை படியால் இறங்கினார். அக்கா தம்பியின் வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது அவருடைய பெயரல்ல, அவர் நடந்துகொண்டே போனார். அக்கா ஓடிப்போய்ச் சட்டைக் கையைப் பிடித்தார்.

"நான் அவர் இல்லை அக்கா. எல்லாரும் இப்பிடித்தான் மறிக்கினம்."

அக்கா கையை விடவில்லை. படத்தை அவருடைய கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். "வாய் உம்மடைதான்," என்றார் மெதுவாக. "அப்ப இது ஆர்?"

"நான் சுத்தேல்லை," என்றேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். திருகையும் சிவப்புத் துளையையும் கோட்டையும் தமிழிலும் பிரெஞ்சிலுமாகச் சொன்னேன். முதல்முறை விளங்கவில்லை. இரண்டாம் முறை சொன்னேன். 'ஓம்' என்று சொன்னதையும் சொன்னேன். அக்கா அடிப்பார் என்று நினைத்தேன்.

"எது அவன்?" என்று கேட்டார்.

காதுகளைக் காட்டினேன். இடப்பக்கம் வகிடு இருந்த இடத்தை, சரிந்த தோளைக் காட்டினேன். மற்றது எல்லாம் பகல் அண்ணை. அக்கா பெருவிரலால் மறைத்துப் பார்த்தார். எங்கே மறைத்தாலும் இருவரும் மறைந்தார்கள்.

"அப்ப ஆக்கள் கண்டது முழுக்க இவரைத்தான்."

"ஓம்."

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். ரயில் ஒன்று போகும்வரை காத்திருந்து, என்னையல்ல, பகல் அண்ணையைப் பார்த்துச் சொன்னார்: "அம்மாவுக்குக் கிழமைக்கு ஒருக்கா எழுதினனான். கண்டவையாம், உயிரோடை இருக்கிறானாம் எண்டு. படுக்கையிலை கிடந்த மனிசி, இப்ப எழும்பிச் சமைக்கிறாவாம்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. நான் வாற மாசம் போயிடுவன். பிறகு ஒருதரும் காண மாட்டினம்."

"போகாதையும்," என்றார் அக்கா.

அவர் விளங்காமல் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமையளிலை மட்டும். இந்தப் படியடியிலை கொஞ்ச நேரம் நிண்டிட்டுப் போம். நான் பொய் எழுத மாட்டன். ஆராவது வந்து கண்டனாங்கள் எண்டு சொன்னால்தான் எழுதுவன். அம்மா இருக்குமட்டும்."

"எனக்கும் தாய் இருக்கிறா அக்கா."

"தெரியும். அதாலைதான் உம்மட்டைக் கேக்கிறன்."

பகல் அண்ணை சட்டைக் கையை விடுவித்துக்கொண்டு நடந்தார். அன்றிரவு நான் சின்னம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியும்," என்றார். "படம் வந்த அண்டைக்கே, நீ ஓம் எண்டு சொன்ன விதத்தை நினைச்சுப் பாத்தன். நான் அந்தத் துளையை ஒருக்காத் திரும்பிப் பாத்திருக்கலாம்." அதற்குப் பிறகு அவர் அந்தக் கமராவில் படம் எடுத்ததில்லை. வீடு மாறியபோது நிலவறையில் விட்டுவந்தோம். குழாய் உடைந்து அங்கே தண்ணீர் ஏறியதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

அக்கா கேட்ட அந்தக் கிழமை ஞாயிறு மாலை, எங்கள் யன்னலால் எட்டிப் பார்த்தால் பாலம் தெரியாது. நடந்து போனேன். படியடியில் பகல் அண்ணை நின்றார். தூலூஸுக்குப் போகவில்லை. சென் தெனியில் அறை எடுத்துக்கொண்டு ஞாயிறு தோறும் வந்தார். கலியாணம் கட்டினார், பிள்ளைகள் பிறந்தார்கள். பிள்ளைகளோடு கடைக்கு வந்த நாட்களிலும் அரை மணித்தியாலம் தனியே வந்து நிற்பார். சின்னம்மா சுவரில் படம் மங்கும்போதெல்லாம் புதுப்பிரதி ஒட்டினார். அவர் இறந்த பிறகு நான் ஒட்டினேன்.

அக்கா மாதம் ஒருமுறை எடுப்பார். "ஆராவது கண்டவையோ?" முதலில் பலர் கண்டார்கள். பிறகு பகல் அண்ணையின் தலை நரைத்தது, படம் நரைக்கவில்லை. வன்னியிலிருந்து புதிதாக வந்தவர்களுக்குச் சுவரிலிருப்பவரும் படியடியில் நிற்பவரும் ஒன்றாகத் தெரியவில்லை. கடைசிப் பத்து வருடங்கள் கண்டது நான் ஒருத்திதான். "ஓம் அக்கா, கண்டவை," என்பேன். பன்மையில் சொன்னதை மட்டும் பொய் என்று குறித்துக்கொள்கிறேன்.

போன வருடம் இரவு அண்ணையின் அம்மா ஊரில் இறந்துவிட்டார். புதன்கிழமை அக்கா எடுத்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நான் பாலத்தடிக்குப் போனேன். பகல் அண்ணை தொப்பியும் தடித்த ஜக்கெற்றுமாக வழக்கமான இடத்தில் நின்றார். அவர் நிற்கும் விதத்தை அன்றுதான் கவனித்தேன். ஆட்கள் காணவேண்டும் என்று நிற்பவர் தெருவைப் பார்த்து நிற்க வேண்டும். இவர் தெருவுக்கு முதுகைக் காட்டி, படியால் இறங்கி வருகிறவர்களைப் பார்த்து நின்றார்.

"அண்ணை, அவ போயிட்டா," என்றேன். "இனி நீங்கள் வரத் தேவையில்லை."

மேலே ரயில் வந்து நின்றது. சனம் இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், கடைசி ஆள் இறங்கும்வரை.

"அப்ப இனி அவன் வந்தால்," என்றார், "ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது பிள்ளை?"